பலகையில் இருந்த கை

கான்கிரீட் தளம் பிளக்கிற சத்தம் மாடியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் சம்மட்டியை விட்டெறிந்துவிட்டு ஓடினார்கள். இசக்கிமுத்து மட்டும் ஓடவில்லை. ஓடவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. கால் ஓடத்தான் பார்த்தது. இடுப்பு படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. "மச்சான்!" என்று வாயும் கத்திவிட்டது. கை மட்டும் சம்மட்டியைத் தூக்கி, தோளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, தளத்தில் இறங்கியது. மறுபடி தூக்கியது, மறுபடி இறங்கியது. காலடித் தளம் அவனையும் வாரிக்கொண்டு கீழே போகிறவரைக்கும் அந்தக் கை நிற்கவே இல்லை.

அந்தக் கை அவனுடையது இல்லை. அவன் அக்காள் புருஷன் மாசானத்தினுடையது.

சென்னைக்குத் தெற்கே, ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகக் கண்ணாடி மாளிகை கட்டி உட்கார்ந்திருந்த சாலை அது. கடல் உள்ளே ஏறி, அடித்தளங்களில் உப்புத் தண்ணீர் தேங்கி, தூணுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். இடிக்க வந்தவர்கள் மிஞ்சினார்கள். மேல்மாடிக்கு இயந்திரத்தை ஏற்றினால் தளம் தாங்காது. மனுஷனை ஏற்றினால் தாங்கும். தாங்காமல் போனாலும் இயந்திரம் அளவுக்கு மனுஷன் விலை கிடையாது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த மாசானமும் அவன் கூட்டாளிகளும் அப்படித்தான் சம்மட்டியோடு மேலேயிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மாசானத்தின் அடி தனி அடி. முழங்கை மடங்காமல், மூச்சு இரைக்காமல், பொழுது சாய்கிறவரை ஒரே கனத்தில் விழும். அந்த அடியைத்தான் கம்பெனி வாங்கிக்கொண்டது.

அதை விளக்க ஒரு பெண் வந்திருந்தாள். எழினி என்று பேர். அதற்கான போன் ஆப்பைச் செய்தவர்களில் ஒருத்தி. தலையில் ஹெல்மெட் நிற்காமல் ஆட, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"போன்ல ஒரு நம்பரை அழுத்திப் பிடிச்சு காப்பி பண்றீங்கல்ல அண்ணா, அது எங்க போகுது?"

"எங்க போவும்? போனுக்குள்ளதான்," என்றான் சுடலை. கூட்டத்தில் வாய் நீளமானவன் அவன்.

"போனுக்குள்ள கிளிப்போர்டுன்னு ஒண்ணு இருக்கு. சிலேட்டுப் பலகை மாதிரின்னு வச்சுக்குங்க. அதுல ஒண்ணே ஒண்ணுதான் எழுத முடியும். புதுசா எழுதினா பழசு அழிஞ்சிடும். எந்த ஆப் வந்து கேட்டாலும் பலகையில இருக்கறதை எடுத்துக் குடுத்துடும். யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னெல்லாம் அது கேக்காது. நாங்க நம்பருக்குப் பதிலா கையை எழுதுறோம். அவ்வளவுதான்."

"கைய எப்படித் தாயி எழுதுவிய?"

"கை அசையறதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள ஒரு உந்துதல் வரும். அடிக்கணும்னு. அதைப் பிடிச்சுப் பலகையில வைக்கிறோம். சூப்பர்வைசர் சார் தன்னோட போன்ல 'ஒட்டு'ன்னு அழுத்தினார்னா, மணிக்கட்டுல பட்டை கட்டியிருக்கற எல்லார் தோளுக்கும் போயிடும். மாசானம் அண்ணா மூல ஆள். நீங்க எல்லாரும் அவர் மாதிரியே அடிப்பீங்க."

"அப்ப அண்ணாச்சிக்கு அரிச்சா நாங்க எல்லாரும் சொறியணுமா?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சிக்கு மூலமாம் என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, இன்னும் பலமாகச் சிரித்தது. எழினியும் சிரித்துவிட்டாள். "அரிப்பு வரைக்கும் நாங்க சோதிச்சுப் பார்க்கல அண்ணா," என்றாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். தூசி படிந்த கையுறையோடு பட்டன் அழுத்த முடியாதே என்று, மணிக்கட்டுப் பட்டையை நெற்றிக்குக் கொண்டுபோனால் காப்பி ஆகிற மாதிரி செய்திருந்தார்கள். ஏசி அறையில் அது நல்ல யோசனைதான். ஆனால் சம்மட்டிக்காரன் எவனும் சம்மட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் வேலைக்கு இறங்கமாட்டான் என்பது அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. முதல் வாரம் மாசானத்தின் கையைப் பலகையில் ஏற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு வயசாளியான பால்வண்ணம் பயபக்தியாகத் தன் சம்மட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். மாசானம் அழிந்து பால்வண்ணம் ஏறிவிட்டார். ஒட்டியதும் கூட்டம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி, சுவருக்கு வலிக்குமோ என்கிற மாதிரி தட்டியது.

சூப்பர்வைசர் கிருபாகரன் ஹெல்மெட்டைக் கழற்றி, பால்வண்ணத்தின் வாயிலேயே அடித்தான். முன்பல் இரண்டும் சிமெண்டுத் தூசியில் விழுந்தன.

"இனிமே எவனாவது சாமி கும்புட்டீங்க, கைய ஒட்ச்சிருவேன். மாசானம் ஒருத்தன் கும்புட்டா போதும். எல்லாருக்கும் சேத்து அவனே கும்புடட்டும்."

அப்படித்தான் நடந்தது. காலையில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மாசானம் மட்டும் சம்மட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவான். பட்டை துடிக்கும். கிருபாகரன் போனில் அழுத்துவான். எல்லோர் மணிக்கட்டிலும் துடிக்கும். அதன்பிறகு ஒரே அடி, ஒரே சத்தம். அசதி தெரியாது, பசி தெரியாது. ராத்திரி படுத்தால் தோள்பட்டை கழன்று பாயில் கிடக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இசக்கிமுத்து அடிக்கடி பட்டையை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவன். அவனை வசக்குவதற்காக அன்றைக்கு அவன் பட்டையை மட்டும் கிருபாகரன் போனிலிருந்தே பூட்டி வைத்தான். அவிழ்க்கவும் முடியாது, கையை நிறுத்தவும் முடியாது. தளம் பிளந்தபோது கிருபாகரன் மூன்று மாடி கீழே, டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இடிபாட்டைத் தோண்டி எடுத்தபோது இசக்கிமுத்துவின் தலை இருந்த இடத்தில் தலை இல்லை. கை மட்டும் சம்மட்டிப் பிடியோடு இறுகிக் கிடந்தது. பிடியை அறுத்துத்தான் பிரித்தார்கள். மாசானம் கிருபாகரனின் சட்டையைப் பிடித்தான்.

"பூட்டுனது யாரு? சொல்லுலே, பூட்டுனது யாரு?"

கிருபாகரன் பதறவில்லை. மாசானத்தின் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான்.

"நான் பட்டனத்தான்டா தொட்டேன். அவன அடிச்சது யாரு கையி? உன் கையி. மூலச் சட்டம்னு ஒண்ணு கீது, தெரியுமா? ஒட்ன கையி பண்ணதுக்கெல்லாம் மூல ஆள்தான் பொறுப்பு. கையெழுத்து போட்டுக் குடுத்துருக்க நீ. உம் மச்சானக் கொன்னது நீதான். உள்ள தள்ளாம உட்ருக்கேனேன்னு சந்தோஷப்படு."

அது நிஜந்தான். முதலாளிமார்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது. ஒட்டிய வேலையில் நட்டம் வந்தாலும் சாவு வந்தாலும் கம்பெனி மேலே வராது, மூல ஆள் மேலேதான் போகும். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது என்னவென்று யாரும் மாசானத்துக்கு வாசித்துக் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

தம்பியை எரித்துவிட்டு வந்த பிறகு இசக்கிமுத்துவின் அக்காள் பேச்சித்தாய் அழவே இல்லை. மாசானத்தின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு போடும்போதும் அந்தக் கையைப் பார்த்தாள். அதற்குமேல் அவனுக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். வேலைக்கா என்று அவள் கேட்கவில்லை.

மறுபடி மாடியேறிய காலையில் மாசானத்தின் மனசில் வேறு எதுவும் இல்லை. கிருபாகரனைக் கொல்ல வேண்டும். சுவரை அடிக்கிற சம்மட்டியால், சுவரை அடிக்கிற மாதிரியே. கூட்டம் வழக்கம்போல் வரிசையில் நின்றது. அவன் சம்மட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். ஒற்றுகிறபோது, சாமி பெயருக்குப் பதிலாக, இன்னைக்கு இவனைப் பொளக்கணும் என்றுதான் உள்ளே ஓடியது.

பட்டை துடித்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அது பலகையில் ஏறிவிட்டது. அவன் கையோடு சேர்ந்து, கைக்குப் பின்னால் நின்றதும் ஏறியிருக்கும். இப்போது கிருபாகரன் அழுத்தினால் அத்தனை தோளுக்கும் போகும். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சொல்லவில்லை.

கிருபாகரன் உடனே அழுத்தவும் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே மாடியின் விளிம்புவரை போனான், வந்தான். கெஞ்சினான், சத்தம் போட்டான், மறுபடி கெஞ்சினான். வெயில் ஏறியது. போனை வைத்துவிட்டு வந்தபோது முகம் கறுத்திருந்தது. அந்தக் கோபத்தை இறக்க ஓர் இடம் தேடினான்.

"ஒருத்தன் செத்தான், ஒரு மாடி நின்னுபோச்சு. இன்னா, ஊர்கோலமா போறீங்க?" பைக்குள்ளிருந்து ஒரு பட்டையை எடுத்துச் சுடலையிடம் நீட்டினான். "உன்து பேட்டரி பூடுச்சின்னியே. இதக் கட்டு."

இசக்கிமுத்துவின் பட்டை அது. தண்ணீரில் அலசியிருந்தார்கள். கொக்கியின் இடுக்கில் மட்டும் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது வேண்டாம் சார்," என்றான் சுடலை.

"கட்றா. அவன் உட்ட வேலைய நீ முடி."

சுடலை கட்டிக்கொண்டான். கிருபாகரன் போனில் அழுத்தினான். எல்லோர் மணிக்கட்டும் ஒருசேரத் துடித்தது. சம்மட்டிகள் மேலே போயின. சுவரில் இறங்கின. இரண்டாவது முறை மேலே போனபோது சுடலையின் சம்மட்டி சுவர்ப்பக்கம் வரவில்லை. உடம்போடு திரும்பி, கிருபாகரனின் முழங்காலில் இறங்கியது.

காய்ந்த விறகு முறிகிற சத்தம். கிருபாகரன் கத்தக்கூட இல்லை, என்ன நடந்தது என்று தன் காலைக் குனிந்து பார்த்தான். அடுத்த அடி முதுகில் விழுந்தது. அதை அடித்தது பால்வண்ணம். பிறகு யார் எது என்று தெரியவில்லை. அவன் போனைத் தூக்கிக் காட்டி நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா என்று தவழ்ந்தான். போன் இருந்த கை தளத்தோடு நசுங்கியது. ஹெல்மெட் இரண்டாய்ப் பிளந்து உருண்டது. ஏழு பேர் சுற்றி நின்று, சுவரை அடிக்கிற அதே நிதானத்தோடு, ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எலும்புச் சத்தம் அடங்கிப்போய், ஈரமண்ணில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தார்கள்.

மாசானம் நின்ற இடத்தில் நின்றான். சம்மட்டி அவன் காலடியில் சாய்ந்திருந்தது. கையில் ஒரு பொட்டுத் தெறித்திருந்தது, அவ்வளவுதான்.

காவல் நிலையத்தில் ஏழு பேரையும் தலைகீழாகக் கட்டி வைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். ஏழு பேரும் சொன்னது ஒரே பேச்சு. "கை தானாப் போச்சு சார். ஒட்டுன கை சார். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது." மாசானத்தை உட்கார வைத்து, மேஜையில் அவன் வலது கையை விரிக்கச் சொல்லி, நகத்தின் மேல் லத்தி முனையை ஊன்றினார்கள். அவன் வாய் திறக்கவில்லை.

மூலச் சட்டப்படி கேள்வி ஒன்றே ஒன்றுதான். கிருபாகரன் அழுத்திய நேரத்தில் பலகையில் யார் கை இருந்தது? மாசானத்தின் கை இருந்திருந்தால் கொலைகாரன் அவன் ஒருவன்தான், ஏழு பேரும் வீட்டுக்குப் போகலாம். இல்லாமல் போனால் ஏழு பேருக்கும் தூக்கு, அவன் வீட்டுக்குப் போகலாம். அதைச் சொல்ல வேண்டியவள் எழினி. சாட்சி சொல்வதற்கு முன்னால் மூல ஆளைப் பார்க்க அவளுக்கு அனுமதி இருந்தது. ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஹெல்மெட் இல்லாததால் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு நெத்தியில வச்சப்ப என்ன நினைச்சீங்க?"

"கொல்லணும்னு நெனைச்சேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "பலகையில ஒண்ணும் இல்லண்ணா."

"என்னம்மா சொல்லுத?"

"உங்க மச்சான் செத்ததுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. இன்னொருத்தர் அப்படிப் பழைய கையில மாட்டிக்கக் கூடாதுன்னு ஒரு மாற்றம் பண்ணேன். போன்லயே உண்டு, காப்பி பண்ணது கொஞ்ச நேரத்துல தானா அழிஞ்சிடும். அதையே இதுலயும் போட்டேன். மேலிடத்துல கேக்காம, நானே, அன்னிக்குக் காலையிலதான் போட்டேன். நீங்க ஏத்தினீங்க. அவர் போன்ல பேசிட்டு வர்றதுக்குள்ள அழிஞ்சு போச்சு. அவர் அழுத்தினப்ப பலகை காலி."

"ஒட்டுச்சே தாயி. எல்லாரு கையிலயும் துடிச்சிச்சே. நான் பாத்தேன்."

"காலியா இருந்தாலும் பட்டை துடிக்கும். துடிக்கறது மட்டும்தான். தோளுக்கு ஒண்ணும் போகாது." அவள் குரல் தாழ்ந்தது. "அவங்க அடிச்சாங்கண்ணா. அவங்களேதான் அடிச்சாங்க."

மாசானம் தன் வலது கையைப் பார்த்தான். "நான் ஏத்துனது அழியாம இருந்திருந்தா?" என்றான். "கோவமும் போயிருக்குமா?"

"தெரியாது. சத்தியமா எங்க யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கு இந்த மாற்றம் தெரியாது. நான் என்ன சொல்றேனோ அதான் சாட்சி." அவள் கம்பியைப் பிடித்தாள். "காலின்னு சொன்னா ஏழு பேரை நான் கொல்றேன். இருந்துச்சுன்னு சொன்னா உங்களை. என்ன சொல்லட்டும்?"

 அவன் இரண்டு நாள் அவகாசம் கேட்டான்.

மறுநாள் பேச்சித்தாய் பார்க்க வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க அடிச்சியளா?"

"இல்ல."

"தொட்டாச்சும் பாத்தியளா?"

"இல்ல பேச்சி. நின்னுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப வாங்க வீட்டுக்கு. அடிச்சவனுவ அனுபவிக்கட்டும். எங்கூடப் பொறந்தவனும் போய்ட்டான், ஒங்களையும் தூக்கிக் குடுத்துட்டு நான் யாரு மூஞ்சில முழிக்கதுக்கு?"

"சுடலைக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு, பேச்சி."

"எனக்குப் புருசன் இருக்கான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டர் திரும்பிப் பார்த்தான். "சுடலை பிள்ளையளுக்காவவா போறிய? எங்கிட்ட அளக்காதிய. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் அதைத் தனக்குள் சொல்லிக்கொள்ளப் பொழுது பிடித்தது. தன் மச்சான் சாவுக்கு ஊரான்மார் ஏழு பேர் பழி வாங்க, தான் மண்வெட்டிப் பிடி மாதிரி நின்றதை அவனால் சீரணிக்க முடியவில்லை. அந்த அடி தன்னுடையதாக இருக்க வேண்டும். மூஞ்சி தெரியாத ஒரு சட்டம் அதைத் தன் கையில் கொண்டுவந்து கொடுக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. ஏழு உயிர் பிழைப்பது அதற்கு மேலே போர்த்திக்கொண்ட நல்ல துணி.

நீதிமன்றத்தில் எழினி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். பலகையில் மாசானத்தின் கைதான் இருந்தது. ஏற்றும்போது என்ன நினைத்தாய் என்று நீதிபதி கேட்டார். அவன் மறைக்காமல் சொன்னான். அந்த ஒன்று மட்டும் பொய் இல்லை. ஆயுள் முழுக்கச் சிறை என்று தீர்ப்பானது. தண்டனை கேட்ட மனுஷன் முகத்தில் தெளிச்சல் வந்ததை அங்கே இருந்தவர்கள் பார்த்தார்கள். பேச்சித்தாய் அதைப் பார்க்க நிற்கவில்லை. அப்புறம் அவள் ஜெயில் பக்கமும் வரவில்லை.

சுடலை ஒரே ஒரு தடவை வந்தான். மெலிந்திருந்தான். வாய் நீளமெல்லாம் போயிருந்தது.

"அண்ணாச்சி, நெசமாவே அது உங்க கைதானே?"

"கோர்ட்டுல சொன்னாவல்லா. பெறவு என்னலே?"

"இல்ல, கேக்கேன். தூக்கம் வரமாட்டக்கு." அவன் குனிந்துகொண்டான். "அந்த மொதச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, முழங்காலு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு அண்ணாச்சி. நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு போடுலேன்னு இருந்துச்சு."

மாசானம் கம்பிக்குள் கையை விட்டு அவன் தலையில் வைத்தான்.

"அது எனக்குப் பிடிச்சதுலே. உனக்கில்ல. போ, போய்த் தூங்கு."

சுடலை குலுங்கிக் குலுங்கி அழுதான். எழுந்து போகும்போது நடை சரியாகிவிட்டது. உலகத்தில் ஒருவனுக்காவது தூக்கம் வாங்கிக் கொடுத்தோம் என்று மாசானம் நினைத்துக்கொண்டான். அது எவ்வளவு மலிவான தூக்கம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

தீர்ப்பு வந்ததும் கம்பெனி கதவைச் சாத்திவிடும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். நடந்தது வேறு. கொலை வெறியையே காப்பி எடுக்க முடியும் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, அதை வாங்க ஆள் வரிசை கட்டியது. ஜெயில் டிவியில் மாசானம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தங்கையை வெட்டிய அண்ணன், மாமனாரைக் கொளுத்திய மருமகன், சேரிக்குள் புகுந்து கதவு கதவாக உடைத்த கும்பல். பிடிபட்டவன் ஒவ்வொருவன் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்தது. எல்லோரும் சொன்னது ஒரே பேச்சு. "நான் பண்ணல. மாசானம் கை ஒட்டிருந்துச்சு." தெருவோரக் கடையில் சார்ஜர், கவர் விற்கிற மாதிரி மாசானம் கை விற்றார்கள். அதற்குத் தள்ளுபடிகூட உண்டு என்று பக்கத்துச் செல்காரன் சொல்லிச் சிரித்தான்.

மாசானம் ஜெயிலுக்கு வந்ததிலிருந்து ஒருதடவைகூடப் பட்டை கட்டியதில்லை. கடைசித் தடவை ஏற்றியதும் அன்றைக்கே அழிந்துவிட்டது. அப்படியானால் இவர்கள் விற்பது எதை? கட்டிக்கொண்டு வெட்டுகிறவன் ஒட்டிக்கொள்வது எதை? அவனுக்கு விடை தெரியும். அவனைத் தவிர, தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். பேச்சித்தாய் இந்தப் பக்கம் வருவதே இல்லை. எழினி வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன் என்று அவன் மனுக் கொடுத்தான். தண்டனைக்குப் பயந்து புரட்டிப் பேசுகிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை கொடுத்தபோது வார்டர்கள் அவனைக் கழிவறையில் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று உள்ளே திரும்பிவிட்டது.

அது ஆறுவதற்குள் ஒரு நாள், வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் அவனைச் சூப்பிரண்டு அறைக்குக் கூட்டிப் போனார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு பாதுகாப்புக் கம்பெனியின் அதிகாரி. மேஜையில் புதுப் பட்டை. இப்போதெல்லாம் நெற்றிக்கெல்லாம் கொண்டுபோக வேண்டியதில்லையாம், கட்டி அழுத்தினால் போதுமாம்.

"உக்காருங்க மாசானம். சின்ன உதவிதான். கடையில விக்கறதெல்லாம் போலி. எங்களுக்கு மூல ஆள்கிட்டேயே எடுத்தது வேணும். சர்டிபிகேட்டோட."

"எதுக்கு ஐயா?"

"இடிப்பு வேலை ஆளுங்க ஸ்டிரைக் பண்றாங்க. பட்டையைப் பூட்டக் கூடாதாம். அஞ்சு கட்டடம் நிக்குது. எங்க பசங்க போயிக் கலைக்கணும்."

சுடலை அங்கே இருப்பானா என்று மாசானம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷர் சொல்லியிருப்பார். ஒளித்துப் பேசுகிற ஆளாக அவர் தெரியவில்லை.

"ஐயா, இதுல ஒண்ணும் இல்ல," என்றான் மாசானம்.  "அன்னைக்கே இல்ல. பலகை காலியாத்தான் இருந்துச்சு. அவனுவளாத்தான் அடிச்சானுவ. நான் பொய் சொன்னேன். சாமி சத்தியமாச் சொல்லுதேன், நீங்க எடுத்தாலும் வெறுங்கைதான் வரும்."

அதிகாரி அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"தெரியும் மாசானம்," என்றார் சாந்தமாக. "எங்க பசங்க மேல கேஸ் வரக் கூடாது. அதுக்கு உங்க பேரு போதும். உள்ள என்ன இருந்தா என்ன?"

மாசானம் மேஜையைப் புரட்டித் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு வார்டர்கள் பாய்ந்து அவனைச் சுவரோடு வைத்து அமுக்கினார்கள். ஆறாத விலாவில் முழங்கால் ஏறியது. ஒருவன் அவன் வலது கையை முறுக்கி ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்தான். இன்னொருவன் பட்டையைக் கட்டினான். மூச்சு வாங்க முடியாமல் அவன் முகம் ஜன்னலில் பதிந்தது.

கீழே முற்றத்தில், லாரிகளை ஒட்டி, அந்தக் கம்பெனிப் பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். மணிக்கட்டில் புதுப் பட்டை, கையில் லத்தி. வரிசையின் கடைசியில் ஒரு நாய் நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தது.

அதிகாரி இன்னும் பட்டனை அழுத்தவில்லை. பட்டை துடிக்கவில்லை. எதுவும் எங்கேயும் ஏறவில்லை, எதுவும் எங்கேயும் ஒட்டவில்லை.

கீழே ஒரு பையன் லத்தியைத் தோளுக்கு மேலே தூக்கி, சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாயின் முதுகில் இறக்கினான்.